காணாமல் போன 6 சதவீதம்: அணு உலை நியூட்ரினோப் புதிர்

தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்ட ஆய்வகத்திற்கு எழுந்த எதிர்ப்பினால், நியூட்ரினோ என்ற சொல் தமிழர்களுக்குப் பழக்கமானது. பிரான்ஸில் அதே துகளைப் பற்றிய விவாதம் வேறு வகையானது. அங்கு எண்ணிக்கை சரியாக வரவில்லை என்பதே சிக்கல்.

அணு உலையில் யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் அணுக்கருக்கள் சிதைந்து, எதிர்நியூட்ரினோக்களை வெளியிடுகின்றன. மின்னூட்டமற்ற இத்துகள்கள் பூமியையே ஊடுருவிச் செல்லக்கூடியவை. மிகச் சிலவே உணர்கருவிகளில் சிக்குகின்றன.

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள சக்லே அணுசக்தி ஆய்வு மையத்தின் இயற்பியலாளர்கள், உலைகளில் இருந்து வெளிவர வேண்டிய எண்ணிக்கையை 2011ஆம் ஆண்டில் மறுபடியும் கணக்கிட்டனர். உலைகளுக்கு அருகே அதுவரை அளக்கப்பட்டவை, புதிய கணக்கைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவாக இருந்தன.

நியூட்ரினோவில் மூன்று வகைகளே அறியப்பட்டுள்ளன. குறைந்தவை, எக்கருவிக்கும் நேரடியாகப் புலப்படாத நான்காவது வகையாக மாறியிருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. அது உண்மையானால், துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாட்டையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

இதைச் சோதிக்க, கிரெனோபிள் நகரில் உள்ள ஆய்வு உலையின் மையத்தில் இருந்து சுமார் 10 மீட்டர் தொலைவில், 'ஸ்டீரியோ' என்ற கருவி நிறுவப்பட்டது. அதில் அடுத்தடுத்து ஆறு அறைகள் இருந்தன. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுமானால், பதிவாகும் ஆற்றல் பரவல் அறைக்கு அறை வேறுபட வேண்டும். 2020 வரை ஒரு இலட்சத்துக்கும் அதிகமான எதிர்நியூட்ரினோக்கள் பதிவாகின. அத்தகைய வேறுபாடு எதுவும் தென்படவில்லை என 2023 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அறிவிக்கப்பட்டது.

ஆகவே சந்தேகம் கணக்கின் மீது திரும்பியது. அக்கணக்குக்கு அடிப்படையாக இருந்தவை, அதே கிரெனோபிள் உலையில் 1980களில் எடுக்கப்பட்ட அளவீடுகள். யுரேனியத்தின் பங்கு அவற்றில் சுமார் 5 சதவீதம் மிகையாக மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்பதை, மொஸ்கோவின் குர்ச்சாத்தோவ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட புதிய அளவீடு உணர்த்தியது. புதிய துகளொன்றைக் கற்பனை செய்வதைவிட, பழைய பதிவேட்டைச் சரிபார்ப்பதற்கே அதிக உழைப்பு தேவைப்பட்டது எனலாம்.

ஆயினும் அனைத்தும் தீரவில்லை. பெல்ஜிய எல்லையருகே உள்ள ஷூ உலை, சீனாவின் தயா பே, தென்கொரியாவின் ரீனோ ஆகிய மூன்று ஆய்வுகளும், சுமார் 5 மில்லியன் இலத்திரன் வோல்ட் ஆற்றலில், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான துகள்களை 2014இல் கண்டன. அதற்கு ஒருமித்த விளக்கம் இன்றுவரை இல்லை. ரஷ்யாவின் பக்சான் சுரங்கத்தில் காலியத்தைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையில் சுமார் 20 சதவீதக் குறைவு காணப்பட்டதாக 2022இல் வெளியான முடிவும் அவ்வாறே நிற்கிறது. அச்சோதனையில் பயன்பட்டது கதிரியக்கக் குரோமியம். அணு உலைக் கணக்கு எதற்கும் அதில் இடமில்லை.