ஜப்பானின் முதியோர் பராமரிப்புக் காப்பீடு

ஜப்பானில் தளர்ந்த முதியோரைப் பேணும் பொறுப்பு நெடுங்காலம் வீட்டுப் பெண்களிடம், குறிப்பாக மூத்த மகனின் மனைவியிடம் இருந்தது. 1972இல் வெளிவந்த சவாகோ அரியோஷியின் நாவல், மறதிநோய் கண்ட மாமனாரைக் கவனிக்கும் மருமகளின் பாட்டைச் சொல்லி மிகுதியாக விற்பனையானது. மறு ஆண்டே 70 வயது கடந்தோருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டது. ஆனால் தேவைப்பட்டது மருந்தல்ல, ஆள். வீட்டில் பார்க்க ஆளில்லாத முதியோர், சிகிச்சை முடிந்த பின்னும் மருத்துவமனைக் கட்டில்களிலேயே மாதக்கணக்கில் கிடந்தனர்.

1997இல் நிறைவேறிய பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் 2000 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 40 வயது நிறைந்தோர் சந்தா செலுத்துகின்றனர். செலவில் ஏறத்தாழப் பாதியை அரசு ஏற்கிறது.

சட்டம் உருவானபோது எழுந்த பெரிய விவாதம், கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணம் தருவதா என்பது. ஜெர்மனி 1995 முதல் அப்படித் தந்துவந்தது. ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் பல இதை எதிர்த்தன. பணத்தைக் காட்டி மருமகளை மீண்டும் கட்டிலருகே கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று அஞ்சின. அந்த அச்சம் நியாயமானதே. இறுதியில் பணத்துக்குப் பதிலாக வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேரக் காப்பகம் போன்ற சேவைகளே வழங்கப்பட்டன.

குறைந்த ஊதியத்தால் இப்பணிக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 2008இல் இந்தோனேசியாவிலிருந்து பணியாளர்கள் வரத் தொடங்கினர். இன்றும் பெற்றோரைக் கவனிப்பதற்காக ஆண்டுதோறும் சுமார் 1 லட்சம் பேர் வேலையை விடுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.