வீட்டுப் பெட்டியில் உறங்கிய வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன போர்களும் உடன்படிக்கைகளும் ஆளுநர்களின் பெயர்களுமே. ஆயின், அந்த ஆளுநர்கள் கோலோச்சிய நகரத்தில் அன்றாடம் என்ன நிகழ்ந்தது? கடைத்தெருவில் எதைப் பேசிக்கொண்டார்கள்? இவ்வினாக்களுக்கு விடை பெரும்பாலும் அரசு ஆவணங்களில் இல்லை. வீட்டுப் பெட்டிகளில் உள்ளது. அத்தகைய ஒரு வீட்டின் கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இருமொழியாளர் என்பது பொருள். ஆயினும் அப்பதவி வெறும் மொழிபெயர்ப்பு வேலையன்று. வணிகம், அரசியல், ஊர் வழக்கு ஆகிய மூன்றும் அவர் கைவழியாகவே சென்றன. 1709-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1736 செப்டம்பர் 6-ஆம் நாள், தமது இருபத்தேழாம் வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 சனவரி 12-ஆம் நாள் மறையும் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அப்பழக்கம் நீடித்தது.

அவர் ஏன் எழுதினார்? காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும் அக்குடும்பத்தின் முன்கதையை அறிந்தால் ஒன்றை ஊகிக்கலாம். மாமன் முறையினரான நைனியப்பப் பிள்ளையும் கும்பினியின் தலைமைத் தரகராக இருந்தவரே. 1716-இல் அவர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டே சிறையில் மாண்டார். அவ்வழக்கில் தமிழ்ச் சாட்சிகள், தாங்கள் வாசிக்க இயலாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலங்களில் கையொப்பமிட்டனர். அவருடைய மைந்தர்கள் கடல் கடந்து பிரான்சு வரை முறையிட்ட பின்னரே அத்தீர்ப்பு நீங்கியது. பிறர் மொழியில் பிறர் எழுதிய தாள் ஓர் உயிரைக் குடித்ததைக் கண்ட குடும்பம் அது. அங்கே பிறந்த ஒருவர் நடந்ததைத் தம் மொழியில் தாமே எழுதி வைத்ததில் வியப்பென்ன?

அந்நாட்குறிப்பில் என்னதான் இல்லை! நாளும் கிழமையும் நாழிகையும் குறித்த பின்னரே செய்தி தொடங்குகிறது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, துணி வணிகம் எப்படிப் போனது, யார் வீட்டுத் திருமணத்திற்கு யார் வந்தார், சோதிடர் என்ன சொன்னார் என்றெல்லாம் விரிகிறது. நடை பண்டிதர் நடையன்று. வீட்டில் பேசும் தமிழோடு பிரெஞ்சும் போர்த்துகீசியமும் பாரசீகமும் கலந்து ஓடுகின்றன. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு முதற்பக்கங்களில் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. போகப்போக, ஒரு மனிதரின் குரலையே கேட்கிறோம் என்ற உணர்வு மேலிட்டது.

மனத்தை உலுக்கும் பகுதிகளும் உண்டு. ஏழை எளியவரை ஏமாற்றிப் பிடித்து, அடைத்து வைத்துக் கப்பலேற்றி அடிமைகளாக விற்றவர்கள் அகப்பட்ட செய்தி 1743-ஆம் ஆண்டுக் குறிப்பில் வருகிறது. மாதா கோயிலுக்குள் சாதியின் பேரால் எழுப்பியிருந்த தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டதும், அதனால் எழுந்த பூசலும் 1745-இல் பதிவாகின்றன. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநர் துய்ப்ளேக்சின் நம்பிக்கைக்குரியவராய், நகரத் தமிழருள் முதல்வராய் இருந்தும் பிள்ளையால் அதனைத் தடுக்க இயலவில்லை. அதிகாரத்தின் அருகில் இருப்பது வேறு. அதிகாரம் பெற்றிருப்பது வேறு என்பதை அப்பக்கங்கள் உணர்த்துகின்றன.

இறுதி ஆண்டுகளில் செல்வாக்குச் சரிந்தது, உடல் நலிந்தது. அவர் கண்மூடிய நான்காம் நாள், 1761 சனவரி 16-இல், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அவருக்குப் பின் அக்குடும்பத்து இளையவர்களும் நாட்குறிப்பு எழுதினர். பின்னர் அவ்வேடுகள் வீட்டிலேயே முடங்கின. 1846-ஆம் ஆண்டு கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட நூலைத் தமிழர் அச்சில் காண 1948 வரை காத்திருக்க நேர்ந்தது! எழுத்தாளர் பிரபஞ்சன் இவ்வேடுகளைத் துணைக்கொண்டே ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களைப் படைத்தார். பின்னது 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

ஒன்றை மறுப்பதற்கில்லை. இது செல்வர் ஒருவரின் ஏடு. அவ்வீட்டுப் பெண்கள் என்ன நினைத்தனர், கப்பலில் விற்கப்பட்டவர் என்ன சொல்லி அழுதனர் என்பதை அவர்கள் கையால் எழுதிய ஏடு நமக்குக் கிட்டவில்லை. எழுதத் தெரிந்தவரின் வரலாறே எஞ்சுகிறது; அதிலும் காப்பாற்றப்பட்டதே எஞ்சுகிறது.

இதை எழுதும்போது என் பாட்டனாரின் தகரப்பெட்டி கண்முன் நிற்கிறது. தோட்டத்து லயத்தை விட்டு நாங்கள் வெளியேறிய நாளில், பழந்தாள்கள் எதற்கென்று அதிலிருந்தவற்றை அடுப்பிலிட்டோம். எஞ்சியது மளிகைக்கடைக் கடன் புத்தகம் ஒன்றே. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், மாதந்தோறும் தீராத பாக்கி. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பாட்டனாரின் கையெழுத்தில், “இன்று தம்பிக்குக் காய்ச்சல்” என்றிருக்கிறது. அந்தத் தம்பி என் தந்தையார். எரிந்த தாள்களில் இன்னும் என்னென்ன இருந்தனவோ!

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். பழைய கடிதமோ சம்பளச் சீட்டோ கணக்குப் புத்தகமோ எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி அதனை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தாளின் ஓரத்தில் ஆண்டையும் எழுதியவர் பெயரையும் குறித்து வையுங்கள். நம் வீட்டு வரலாற்றை நாமே காக்காவிடில் வேறு யார் காப்பார்?