வீணைத் தந்தி

வீணைத் தந்தி என்பது வீணையில் பூட்டப்பட்டு விரலால் மீட்டப்படும் உலோகக் கம்பி ஆகும். தஞ்சாவூர் வீணை எனவும் சரசுவதி வீணை எனவும் அழைக்கப்படும் கருவியில் 24 மெட்டுகளும் 7 தந்திகளும் உள்ளன. தந்தியின் உலோகமும் பருமனும் கருவியின் தொனியை மட்டுமன்றி, கமகங்களை எவ்வளவு எளிதாக வாசிக்க இயலும் என்பதையும், வாசிப்பவரின் விரல் நுனி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் தீர்மானிக்கின்றன. தொடக்கநிலை மாணவர்கள் கருவியின் குறை என்றோ தம் கையின் குறை என்றோ எண்ணுவது பல வேளைகளில் பொருந்தாத தந்தியின் விளைவே.

பழந்தமிழில் யாழின் தந்தி நரம்பு எனப்பட்டது. அச்சொல்லே சுரத்தையும் குறித்தது.

ஏழு தந்திகள்

மெட்டுகளின் மேல் செல்லும் நான்கு தந்திகள் வாசிப்புத் தந்திகள் ஆகும். அவை முறையே சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் எனப்படும். சாரணி மத்திய ஸ்தாயி சட்ஜத்திலும், பஞ்சமம் மந்தர ஸ்தாயி பஞ்சமத்திலும், மந்தரம் மந்தர ஸ்தாயி சட்ஜத்திலும், அனுமந்தரம் அதற்கும் கீழுள்ள பஞ்சமத்திலும் சுருதி சேர்க்கப்படுகின்றன. பக்கவாட்டில் உள்ள மூன்றும் தாளத் தந்திகள் ஆகும். இவை மத்திய சட்ஜம், பஞ்சமம், தார சட்ஜம் ஆகியவற்றில் ஒலிக்கும். இவற்றை மெட்டில் அழுத்துவதில்லை. வலக்கைச் சிறுவிரலால் மேல்நோக்கி மீட்டுவர். ஆதலால் தந்தித் தெரிவில் பெரும்பாலும் கருதப்படுவன வாசிப்புத் தந்திகளே. அவற்றிலும் சாரணியே முதன்மையானது.

பருமனும் இழுவிசையும்

அதிரும் தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கும் விட்டத்துக்கும் எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். இவ்விதியைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636இல் வெளியிட்டார். வீணைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். அதிரும் நீளம் 85 செ.மீ. எனவும், சாரணி 3 கட்டைச் சுருதியில், அதாவது ஏறத்தாழ 165 ஹெர்ட்சில் உள்ளது எனவும் கொள்வோம்.

இந்தியக் கடைகளில் கம்பியின் பருமன் பெரும்பாலும் கேஜ் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடினால் பருமன் குறையும் என்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாக வாங்குவோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு. 30 கேஜ் கம்பியின் விட்டம் 0.315 மி.மீ., 32 கேஜ் கம்பியின் விட்டம் 0.274 மி.மீ. ஆகும். மேற்கண்ட நீளத்திலும் சுருதியிலும் 30 கேஜ் எஃகுத் தந்திக்கு ஏறத்தாழ 48 நியூட்டன் (4.9 கிலோ எடைக்கு நிகர்) இழுவிசை தேவை. 32 கேஜ் தந்திக்கு 36 நியூட்டன் (3.7 கிலோ) போதும். விட்டத்தில் 0.04 மி.மீ. வேறுபாடு விரலுக்குக் கால் பங்குச் சுமையைக் குறைத்துவிடுகிறது.

கருவியின் சுருதியை 3 கட்டையிலிருந்து 5 கட்டைக்கு உயர்த்தினால், அதே தந்தியின் இழுவிசை 1.4 மடங்காகும். பாடுபவருக்கு ஏற்பச் சுருதியை உயர்த்துவோர் தந்தியை மாற்றாமல் பிரடையை மட்டும் முறுக்கினால், அந்தக் கூடுதல் சுமை முழுவதும் விரலிலும் குதிரையிலும் தண்டியிலும் இறங்கும். 5 கட்டையில் 32 கேஜ் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 51 நியூட்டன். அதாவது, 3 கட்டையில் 30 கேஜ் தந்தி தரும் அழுத்தத்தை 5 கட்டையில் 32 கேஜ் தந்தி ஏறக்குறையத் தந்துவிடும்.

கித்தாருடன் ஒப்பிடுவது இங்கு பயனுடையது. 0.012 அங்குல (0.305 மி.மீ.) முதல் தந்தி பூட்டிய கித்தாரில் அத்தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 105 நியூட்டன் ஆகும். வீணைச் சாரணி ஏறக்குறைய அதே பருமன் உடையதாயினும் அதன் பாதிக்கும் குறைவான இழுவிசையில் உள்ளது. எனவேதான் கித்தாரில் ஓரிரு சுரங்களுக்கு மேல் தந்தியை வளைப்பது கடினமாக இருக்க, வீணையில் ஒரே மெட்டில் பல சுரங்களைத் தொட இயலுகிறது.

உலோகம்

சாரணியும் பஞ்சமமும் எஃகால் ஆனவை. மந்தரமும் அனுமந்தரமும் மரபாகப் பித்தளை அல்லது வெண்கலத்தால் ஆனவை. பிற்காலத்தில் எஃகு உள்கம்பியின் மேல் செம்பு போன்ற உலோகம் சுற்றிய தந்திகளும் வழக்கில் வந்தன.

இப்பகுப்பு வெறும் மரபு அன்று. நான்கு தந்திகளிலும் 30 கேஜ் சாரணிக்கு நிகரான இழுவிசை வேண்டுமானால், எஃகில் பஞ்சமம் 0.42 மி.மீ., மந்தரம் 0.63 மி.மீ., அனுமந்தரம் 0.84 மி.மீ. விட்டம் கொண்டிருக்க வேண்டும். அத்தகைய தடித்த எஃகுக் கம்பி தந்தியைப் போலன்றி ஒரு சிறு கோலைப் போல விறைத்து நிற்கும். அதன் மேற்சுரங்கள் இயல்பான விகிதத்திலிருந்து உயர்ந்து விலகும். பித்தளையின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறையப் பாதி, அடர்த்தியோ சற்றுக் கூடுதல். ஆகவே கீழ்ச் சுருதிக்கு அது இசைவானது. மறுதலையாகச் சாரணியைப் பித்தளையில் அமைத்தால், திறந்த நிலையிலேயே அது தன் தாங்கு எல்லையை நெருங்கிவிடும். இழுத்து வாசித்தால் அறுந்துவிடும்.

சுற்றுத் தந்தியின் ஒலி நெடுநேரம் நிற்கும். ஆயினும் அதன் வரிகளில் விரல் உரசும் ஓசை எழும். நீண்ட ஜாருகளை விரும்புவோர்க்கு வழவழப்பான பித்தளைத் தந்தியே ஏற்றது எனலாம்.

கமகமும் இடக்கை விரலும்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எட்டயபுரம் அரசவையில் வைணிகராக விளங்கிய சுப்பராம தீட்சிதர் (1839–1906), 1904இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலில் கமகங்களை வீணை வாசிப்பின் வழியே விளக்கினார். அவற்றுள் ஒதுக்கல் என்பது ஒரு சுரத்தின் மெட்டிலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேற்சுரத்தை ஒலிக்கச் செய்வதாகும்.

சட்ஜத்திலிருந்து சுத்த மத்திமம் வரை இழுக்க, தந்தியின் இழுவிசை 1.78 மடங்காக உயர வேண்டும். மெல்லிய தந்தியாயினும் தடித்த தந்தியாயினும் இழுக்க வேண்டிய தொலைவு ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது விரல் செலுத்தும் விசை மட்டுமே. எனவே மெல்லிய தந்தி எளிதில் அறுந்துவிடும் என்னும் பரவலான கருத்தும் முழுதும் சரியன்று. ஒரே நீளத்திலும் சுருதியிலும் கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை பருமனைப் பொறுத்து மாறுவதில்லை. மெல்லிய தந்தியின் உண்மையான குறைகள் வேறு: அதன் ஒலி சிறியது, துருவும் தேய்வும் அதை விரைவில் நலிவிக்கும், மேலும் விரல் சற்று மிகையாக அழுந்தினாலே சுருதி ஏறிவிடும்.

இடக்கை விரல்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வைணிகர்களிடையே வழக்கம். புதிதாகக் கற்போருக்கு முதல் சில மாதங்களில் மெல்லிய சாரணி பூட்டி, விரல் நுனி உறுதியான பின் பருமனைக் கூட்டுவது நல்லது.

மீட்டும் முறை

வலக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியைக் கீழ்நோக்கி மீட்டுகின்றன. நகத்தால் மீட்டுவோரும் உளர், கம்பியாலான மிஸ்ராப் அணிவோரும் உளர். வீணை தனம்மாள் (1867–1938) மிஸ்ராப் அணியாமல் மென்மையாக வாசித்தமைக்குப் பெயர் பெற்றவர். நகத்தின் மென்மையான மீட்டுக்குத் தடித்த தந்தி முழுமையாக அதிர்வதில்லை. மிஸ்ராப்பின் வன்மையான மீட்டில் மிக மெல்லிய தந்தி மெட்டுகளில் மோதி இரையும். நீண்ட ஒதுக்கல்களைத் தம் பாணியின் உயிராகக் கொண்டவர் சு. பாலச்சந்தர் (1927–1990). அவ்வகை வாசிப்புக்கு இழுவிசையின் அளவு இன்னும் நுட்பமாகப் பொருந்த வேண்டும்.

குதிரையும் மெட்டுகளும்

குதிரையின் மேலுள்ள உலோகத் தகடு மெல்லிய வளைவு உடையது. தந்தி அவ்வளைவைத் தழுவி அதிர்வதே வீணையின் தனித்த தொனிக்குக் காரணம் என்பதைச் சி. வி. இராமன் 1921இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். தகட்டில் பழைய தந்தி பதித்த பள்ளம் இருப்பின், வேறு பருமனுள்ள புதிய தந்தி அதில் சரியாக அமராமல் ஒலி மங்கும்.

மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுபவை. ஒரு குறிப்பிட்ட தந்திக்கு ஏற்ப மேளம் கட்டிய வீணையில் பருமனைப் பெரிதும் மாற்றினால் சில மெட்டுகளில் சுருதி விலகும். மீண்டும் மேளம் கட்டுவது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய பணி. ஆகவே ஒரே முறையில் இரண்டு கேஜுக்கு மேல் மாற்றாதிருத்தல் நலம்.

துருவும் தேய்வும்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குற்றாலச் சாரல் வீசும் தென்காசி போன்ற மலையடிவார ஊர்களில் காற்றின் ஈரம் மிகுதி. அங்கு எஃகுத் தந்தி விரைவில் துருவேறும். வாசித்தபின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, எஃகுத் தந்திகளில் மிக மெல்லிதாக எண்ணெய் தடவலாம். சுற்றுத் தந்திகளில் எண்ணெய் தடவலாகாது. அழுக்கு வரிகளில் படிந்து ஒலியை அடைத்துவிடும்.

தந்தி அறும்வரை காத்திருப்பது தவறு. மெட்டுகளில் உரசும் இடங்களில் அதன் அடிப்பகுதி தேய்ந்து, நீளம் முழுவதும் ஒரே பருமன் இல்லாமற் போகும். பின் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராது. திறந்த சாரணியையும் 12ஆவது மெட்டில் அழுத்திய சாரணியையும் அடுத்தடுத்து மீட்டிப் பார்க்க வேண்டும். புதிய தந்தியில் சரியாக ஒத்த ஸ்தாயி இப்போது ஒவ்வாவிட்டால் பிழை மெட்டில் இல்லை, தந்தியில் உள்ளது. புதிய தந்தி முதல் சில நாட்கள் நீண்டு சுருதி இறங்கும். அக்காலத்தில் பிரடையால் சுருதியை ஏறக்குறையச் சேர்த்து, எஞ்சியதை நாகபாசத்தை அடுத்துள்ள லங்கர் வளையங்களால் நுண்மையாகச் சரிசெய்வர்.