துணியும் கண்ணாடியும்: பேராக் தோட்டங்களில் படம் பார்த்த வரலாறு

"படம்" என்னும் சொல்லுக்குத் துணி என்பதே மூத்த பொருள். வடமொழிப் "பட" என்பதோடு உறவுடைய இச்சொல் முதலில் சீலையையும், பின்னர்ச் சீலையில் தீட்டிய ஓவியத்தையும், அதன்பின் எதன்மேல் தீட்டினாலும் ஓவியம் எனப்படும் யாவற்றையும் குறிக்கலாயிற்று. பேகன் மயிலுக்குப் போர்த்தியதாகச் சங்கப் புலவர் பாடும் "படாம்" இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஓவியம் அசையத் தொடங்கியபோதும் தமிழர் புதுச்சொல் தேடி அலையவில்லை. அசைந்தாலும் படம், பேசினாலும் படம் என்றே இருந்துவிட்டனர். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் இச்சொல் தன் பிறந்த வீட்டுக்கே திரும்பியது. அங்கே இரண்டு கம்பங்களுக்கு இடையில் வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துக் கட்டினால் அன்று இரவு படம் என்று பொருள்.

இச்சொற்பொழிவுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஈப்போவில் பணியாற்றும் தமிழாசிரியை ஒருவரின் வினா. அவருடைய மாணவன் விடுமுறைக் கட்டுரையில் "கண்ணாடியில் படம் பார்த்தேன்" என எழுதியிருந்தான். ஆசிரியை "தொலைக்காட்சியில்" என்று திருத்தி மதிப்பெண்ணும் குறைத்துவிட்டார். மாணவன் விடவில்லை. தன் மாமா வாங்கிய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே முழுநீளப் படம் ஒன்றைப் பார்த்ததாக விளக்கியிருக்கிறான். "ஐயா, அதைத் தமிழில் எவ்வாறு அழைப்பது?" என்று ஆசிரியை நம்மிடம் கேட்டார். அவர் கேட்டது ஒரு சொல். நமக்கோ, நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்துத் திடலும் அங்கே கட்டிய துணியுமே நினைவில் எழுந்தன.

முதலில் அத்திடலைப் பற்றிச் சொல்வோம். ரப்பர் மலாயாவில் வணிகப் பயிராக வேரூன்றியதும் திரைப்படம் உலகில் பிறந்ததும் 1890-களின் நடுப்பகுதியில்தான். ஆயினும் இரண்டும் பரவலாகச் சந்தித்துக்கொண்டது போருக்குப் பின்னரே. மலாயாத் திரைப்படப் பிரிவு 1946-இல் தொடங்கப்பெற்றது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அக்காலத்தில் அரசாங்கத்தின் தகவல் பிரிவு வண்டிகள் தோட்டங்களையும் புதுக்கிராமங்களையும் தேடி வந்தன. வண்டியில் மின்னாக்கி, 16 மில்லிமீட்டர் படக்கருவி, ஒலிபெருக்கி ஆகியவை இருக்கும். அரசின் செய்திப் படங்களுக்கு மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் விளக்கவுரை அமைக்கப்பட்டது. மக்களைத் தம் பக்கம் ஈர்ப்பதே ஆட்சியாளரின் நோக்கம். மக்களோ படத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டார்கள் என்பது நம் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டது. மலாய் நண்பர்கள் இத்தகைய காட்சியை "வாயாங் பாச்சாக்" என்றனர். "வாயாங்" என்பது நிழற்கூத்தைக் குறித்து வந்து பின்னர்த் திரைப்படத்துக்கும் ஆகிய சொல். "பாச்சாக்" என்பது கம்பத்தை நட்டு நிறுத்துதல். நாம் துணியை வைத்துப் பெயரிட்டோம். அவர்கள் துணியைத் தாங்கும் கம்பத்தை வைத்துப் பெயரிட்டார்கள்.

நம் இளமையில், அதாவது 1960-களின் இறுதியில், அவசரகாலம் முடிந்திருந்தது, வண்டி நின்றுவிடவில்லை. அரசு வண்டியோடு, கோயில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் வாடகைக்குப் படம் கொண்டுவருவோரும் வந்தனர். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதே தண்டல் செய்தியைச் சொல்லிவிடுவார். அன்று மரம் சீவுவோரின் கை சற்று விரைவாக ஓடும் என்று அக்காள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாலை நான்கு மணிக்கே பாயும் சாக்கும் திடலுக்குப் போய் இடம் பிடித்துவிடும். கிராணியார் வீட்டு நாற்காலிகள் மட்டும் பொழுது சாய்ந்தபின் வரும். அவற்றுக்கு இடம் பிடிக்க வேண்டிய தேவை இல்லை.

துணிக்கு இரு பக்கமும் மக்கள் அமர்ந்திருந்தார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் போவார்கள். அங்கிருந்து பார்த்தால் கட்டபொம்மன் இடக்கையால் வாள் வீசுவான். எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சிறுவர்கள் அந்தக் கவிழ்ந்த எழுத்தை முதலில் யார் படிப்பது என்று போட்டியிடுவோம். மொழியியலாளருக்கு முதல் பயிற்சி எங்கே கிடைத்தது என்று யாரேனும் கேட்டால், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் அத்துணியின் பின்பக்கத்தையே சொல்வோம்.

படச்சுருளைப் பற்றியும் ஒரு சொல். 16 மில்லிமீட்டர்ச் சுருள் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 1600 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 44 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரத்தை எட்டும் தமிழ்ப் படத்துக்கு நான்கைந்து சுருள்கள் வேண்டும். கருவியோ ஒன்றே. ஆகவே ஒவ்வொரு சுருளின் முடிவிலும் திடல் இருளும். இருண்டவுடன் பேச்சு தொடங்கும். வில்லன் செய்தது சரியா, தாய் ஏன் வாய் திறக்கவில்லை, அடுத்து யார் சாவார் என்பன அலசப்படும். படத்தின் வசனத்தை அதே தொனியில் ஒருவர் சொல்ல, மற்றொருவர் திருத்துவார். நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடைவேளைகளைத்தான்.

தமிழ் இரட்டை வழக்கு மொழி. அக்கருத்தை ஒரு கோட்பாடாக வகுத்துச் சார்ல்ஸ் ஃபெர்குசன் கட்டுரை வெளியிட்டது 1959-இல். "வீரபாண்டிய கட்டபொம்மன்" வெளிவந்ததும் அதே ஆண்டுதான். தோட்டத்தில் பேச்சு வழக்கு ஒன்றே அன்றாடம் புழங்கியது. உயர் வழக்கைக் கேட்க ஆறாம் வகுப்போடு முடியும் தமிழ்ப்பள்ளியும், வானொலியும், கோயில் மேடையுமே வழி. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அதுவும் குறைவு. அவர்களுக்கு "பராசக்தி", "மனோகரா", "கட்டபொம்மன்" ஆகிய படங்களின் வசனங்களே உயர் வழக்கின் பாடநூல்கள். "மாடுங்க வந்துச்சு" என்று பேசும் வாய், விளையாட்டில் அரசனாக நிற்கும்போது "குதிரைகள் வந்தன" என்று முடிக்கும். எண்ணும் பாலும் பொருந்த வினைமுற்று அமைய வேண்டும் என்பதை இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுப் பழகிய காது சொல்லிக் கொடுத்தது. ஒருமுறை கேட்டால் அது பழகாது. திடலில் கேட்டதை மறுநாள் பால் எடுத்துச் செல்லும்போதும், ஆற்றங்கரையிலும், லயத்து வாசலிலும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்ததனால் பழகியது. திரைத்தமிழ் செயற்கைத் தமிழ் என்று குறைகூறும் அறிஞர்கள் உளர். அக்குறையை நாம் முழுதும் மறுக்கவில்லை. ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் வேறு செந்தமிழ் இல்லாதவர்களின் நிலையை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை என்பதே நம் கருத்து.

அதன்பின் நிகழ்ந்தவை உங்களுக்குத் தெரிந்தவை. 1963 டிசம்பர் 28-இல் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. 1980-களில் ஒளிநாடா வந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோவும் அதன் வானவில் அலைவரிசையும் வந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் புந்தோங்குக்கும் பிற நகர்ப்புறங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். திடலிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து உள்ளங்கைக்கும் படம் சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது மூக்கின்மேல் ஏறியிருக்கிறது.

இக்கண்ணாடியைப் புதுமை என்பதில் ஒரு திருத்தம் தேவை. அசையும் படம் தன் தொடக்க நாள்களிலேயே தனியொருவருக்கெனக் காட்டப்பட்டது. 1894 ஏப்ரல் 14-இல் நியூயார்க்கில் எடிசனின் கினெட்டோஸ்கோப்புக் கூடம் திறக்கப்பட்டபோது, பெட்டி ஒவ்வொன்றிலும் ஒருவர் குனிந்து துளைவழியே பார்த்தார். நம் ஊர்த் திருவிழாக்களில் சிறுவர்கள் எட்டிப் பார்த்த படப்பெட்டியும் இவ்வகையினதே. 1895 டிசம்பர் 28-இல் பாரிசில் லூமியேர் உடன்பிறப்பினர் அப்படத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் துணியின்மேல் வீசினர். கூட்டமாகப் பார்த்தல் என்பது அக்காலத்தில் வேரூன்றத் தொடங்கியது. நம் தொலைக்காட்சி தொடங்கியதும் அதே டிசம்பர் 28 என்பது தற்செயலே. இருப்பினும் குறித்து வைக்கத் தக்கது. தலையில் அணியும் கணினிக் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968-இல் உருவாக்கினார். அதன் எடை மிகுதியாதலால் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டுத் தலையை அதனுள் நுழைக்க வேண்டியிருந்தது. சோனி நிறுவனம் 1996-இல் கிளாஸ்ட்ரான் என்னும் படக்கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் பரவலாக விற்பனைக்கு வந்த என்ரியல் ஏர் கண்ணாடியின் எடை 79 கிராம். இன்று அந்நிறுவனத்தின் பெயர் எக்ஸ்ரியல்.

அதன் இயக்கம் எளிது. இரு கண்களுக்கும் மேலே அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட சிறு திரைகள் இரண்டு உள்ளன. அவற்றின் ஒளி கீழ்நோக்கி வந்து, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஆடியில் பட்டுக் கண்ணை அடைகிறது. சில மீட்டர் தொலைவில் பெரிய திரை நிற்பது போன்ற தோற்றத்தை வில்லை உண்டாக்குகிறது. படமும் மின்னும் கைப்பேசியிலிருந்து கம்பிவழி வருகின்றன. விளம்பரம் "நான்கு மீட்டர் தொலைவில் 130 அங்குலத் திரை" என்கிறது. 130 அங்குலத் திரை எங்குமே இல்லை. இருப்பது கோணம் ஒன்றே. ஏறத்தாழ 46 பாகை.

கணித ஆசிரியர்கள் இவ்விடத்தில் உதவலாம். நம் திடலில் கட்டிய துணி எட்டடி அகலமும் ஆறடி உயரமும் கொண்டது எனக் கொள்வோம். மூலைவிட்டம் பத்தடி. அதிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் பாய் விரித்த சிறுவனின் கண்ணில் அம்மூலைவிட்டம் 45 பாகைக் கோணத்தை அமைக்கும். கைப்பேசியை முகத்துக்கு முன் ஒன்றேகால் அடி தூரத்தில் பிடித்தால் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதி. ஆகவே விலை கொடுத்து வாங்கும் இக்கண்ணாடி நமக்குத் திருப்பித் தருவது தோட்டத்துத் திடலில் முன்வரிசைப் பாயை. அளவில் அணுவளவும் பிழையில்லை. பாயில் பக்கத்தில் இருந்தவர்களைத் தவிர மற்றெல்லாம் வந்துவிட்டன.

இனி ஆசிரியையின் வினா. "திரை" என்பது முன்பு மறைப்பது. வாயிலுக்குத் திரையிட்டால் உள்ளிருப்பது தெரியாது. இன்றோ படத்தைத் திரையிட்டால்தான் தெரியும். ஒரு நூற்றாண்டுக்குள் இவ்வினை தன் பொருளுக்கு எதிர்ப்பொருள் பெற்றுவிட்டது. "கண்ணாடி"யும் இடம் மாறிய சொல்லே. "ஆடி" என்பது முகம் பார்க்கும் பொருள்; கண்ணாடி அதையும், பின் பளிங்குப் பொருளையும், பின் பார்வைக்கு அணிவதையும் குறித்தது. மூக்குக்கண்ணாடி என்றபோது தமிழர் கண்ணுக்கு உதவும் பொருளுக்குச் சுமை தாங்கும் மூக்கின் பெயரைச் சூட்டினர், நியாயமான செயல். திரையையும் ஆடியையும் ஒருங்கே கொண்ட இப்பொருளுக்குத் "திரைக்கண்ணாடி" என்பது பொருந்தும் எனக் கருதுகிறோம். மாணவனுக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தருமாறும் ஆசிரியையைக் கேட்டுக்கொண்டோம்.

சொல்லுக்கு விடை கிடைத்தபின், பொருளை நேரில் பார்க்கும் வாய்ப்பும் நம் வீட்டிலேயே கிடைத்தது. நம் அக்காள் பதினான்கு வயதில் பால்மரம் சீவப் போனவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர். நிறுத்தியது நம்மைப் பார்த்துக்கொள்வதற்காக. திடலில் படம் போடும் நாள்களில் பார்வை மங்கிய பாட்டியை அழைத்துச் செல்பவர் அவரே. பாட்டி துணிக்கு முதுகு காட்டி அமர்வார். "எனக்குத்தான் தெரியப் போவதில்லையே" என்பார். அக்காள் அவர் காதருகே காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டே வருவார். பாட்டிக்குச் சொல்வதைப் பக்கத்துப் பாயில் இருப்பவர்களும் ஒட்டுக் கேட்பார்கள்.

இப்போது அக்காள் புந்தோங்கில் மகன் வீட்டில், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். கழுத்தைத் திருப்பிச் சுவரிலுள்ள தொலைக்காட்சியைப் பார்க்க இயலாது. கைப்பேசியைப் பிடிக்கவும் கை ஒத்துழைக்காது. பேரன் தன் திரைக்கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டான். தலை எப்பக்கம் சாய்ந்தாலும் திரை கண்ணுக்கு நேராகவே நிற்கும் என்பதால் படுத்திருப்பவருக்கு இதைவிட ஏற்ற கருவி நாம் கண்டதில்லை. கட்டபொம்மனைப் போடச் சொன்னார். படம் தொடங்கிச் சற்று நேரம் பேசாமலிருந்தவர், கையை மெல்ல நீட்டிக் கட்டில் ஓரத்தைத் தடவினார்.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"நான்தான் பாட்டி" என்றாள் பேத்தி.

"உனக்குத் தெரியுதா?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே பாட்டி. கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் இருக்கு."

அக்காள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் அரண்மனையைச் சொன்னார், அரியணையைச் சொன்னார், வெள்ளைக்காரத் துரை எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்றும் சொன்னார். வசனம் வரும் இடங்களில் படத்துக்கு ஒரு நொடி முந்திக்கொண்டு, வினைமுற்று பிசகாமல், செந்தமிழிலேயே சொன்னார். பேத்தி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பாட்டி, இப்ப யாரு வர்றா?"