தொடக்கப் பள்ளித் தோட்டக் கல்வி

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே விதைத்து, நீர் ஊற்றி, களை பறித்து, அறுவடை செய்யும் தோட்டத்தைக் கொண்டு சுற்றுச்சூழலைக் கற்பிக்கும் முறை. நுழைவாயிலில் அழகுக்காக வைக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளும், விழா நாளில் விருந்தினர் நட்டுவிட்டுப் போகும் மரக்கன்றும் இதில் சேரா. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளாக இம்முறை பல நாடுகளில் தோன்றி, மங்கி, மறுபடியும் தலையெடுத்திருக்கிறது. போரோ உணவுத் தட்டுப்பாடோ வந்தபோது அரசுகள் இதை விரும்பி எடுத்துக்கொண்டன. நெருக்கடி தீர்ந்ததும் பாத்திகள் விளையாட்டுத் திடலாயின. பாடவேளைக்குள் இடம்பெற்ற தோட்டங்களே பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன.

ஐரோப்பியத் தொடக்கம்

பள்ளியை ஒட்டித் தோட்டம் ஒன்று வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் மொராவியக் கல்வியாளர் கொமேனியஸ். அவருக்குத் தோட்டம் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து. மண்ணில் கைவைக்கும் பிள்ளையை நாம் சந்திப்பது ரூசோவின் ‘எமீல்’ (1762) நூலில். எமீல் அவரை விதைத்து, நாள்தோறும் நீர் ஊற்றி வளர்க்கிறான். ஒருநாள் செடிகளெல்லாம் பிடுங்கி எறியப்பட்டுக் கிடக்கின்றன. அது ரொபேர் என்ற தோட்டக்காரரின் நிலம், அவர் அங்கே முன்பே முலாம்பழ விதை போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவருகிறது. ரூசோ இதை உடைமை பற்றிய பாடமாகவே எழுதினார். தாவரவியல் அங்கே ஒரு சாக்குதான்.

ஜெர்மனியில் 1837இல் சிறுவர் கல்வி நிலையம் தொடங்கிய ஃபிரோபெல், தோட்டத்துக்கு ஒரு முறையான அமைப்பைத் தந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி உண்டு. அவற்றைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள் இருக்கும். தன் பாத்தியில் பிள்ளை விரும்பியதைச் செய்யலாம், பொதுப் பாத்தியில் கூடித்தான் செய்ய வேண்டும். இன்றைக்கும் பல பள்ளிகள், யார் சொன்னது என்று அறியாமலே, இந்த ஏற்பாட்டைப் பின்பற்றுகின்றன. ஆஸ்திரியா 1869இன் பள்ளிச் சட்டத்தை ஒட்டி நாட்டுப்புறப் பள்ளிகளில் தோட்டத்தை அரசு ஏற்பாடாகவே கொண்டுவந்தது. பள்ளித் தோட்டம் பற்றி எராஸ்மஸ் ஷ்வாப் 1870இல் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது.

அமெரிக்க இயக்கம்

பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியிலுள்ள ஜார்ஜ் புட்னம் பள்ளியில் ஹென்றி லிங்கன் கிளாப் 1891இல் அமைத்த தோட்டத்தையே அமெரிக்காவின் முதல் பள்ளித் தோட்டமாகச் சொல்வது வழக்கம். ஐரோப்பியத் தோட்டங்களைப் பார்த்துவந்த அவர் முதலில் நட்டவை காட்டுப் பூச்செடிகளும் பெரணிகளும். காய்கறி பின்னால் வந்தது. 1902இல் ஃபேனி கிரிஸ்காம் பார்சன்ஸ், நியூயார்க்கின் நெரிசல் மிகுந்த குடியிருப்புப் பகுதியை ஒட்டிய டிவிட் கிளின்டன் பூங்காவில் சிறுவர் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். ஆளுக்கொரு சிறு பாத்தி கொடுக்கப்பட்டது. காய்கறியைவிட ஒழுங்கு, தூய்மை, பொதுச் சொத்தைப் பேணும் குணம் ஆகியவற்றையே அவர் விளைவிக்க விரும்பினார். குடியேறிகளின் பிள்ளைகளை ‘நல்ல குடிமக்கள்’ ஆக்கும் ஆவல் அந்தக் காலத் தோட்டங்களில் தூக்கலாகவே தெரிகிறது.

அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிபர்ட்டி ஹைட் பெய்லியும் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக்கும் ‘இயற்கைக் கல்வி’யைப் பரப்பினர். ஆசிரியர்களுக்காகக் காம்ஸ்டாக் 1911இல் வெளியிட்ட கையேடு இன்றும் அச்சில் இருக்கிறது. அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், நாட்டுப்புறக் கறுப்பினப் பள்ளிகளை மனத்தில் கொண்டு, தோட்டம் போட வழிசொல்லும் சிறு வெளியீட்டை 1910இல் எழுதினார்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கல்விப் பணியகம், போர் நிதியைக் கொண்டு ‘பள்ளித் தோட்டப் படை’ திரட்டியது. பல இலட்சம் பிள்ளைகள் சேர்ந்தனர். போர் முடிந்து நிதி நின்றதும் படை கலைந்தது. அடுத்த பேரெழுச்சிக்கு நெடுநாள் ஆயிற்று. 1970களின் இறுதியில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிறந்த ‘லைஃப் லேப்’, தோட்டத்துக்கென்றே அறிவியல் பாடத்திட்டம் வகுத்தது. 1995இல் பெர்க்லியில் சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய தோட்டம் இதைவிடப் புகழ் பெற்றது. ஆனால் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு உடனே கைகொடுப்பது முன்னதுதான்.

இந்தியாவும் இலங்கையும்

தென்னாப்பிரிக்காவில் காந்தி 1910இல் நிறுவிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். குழி தோண்டுவதும் பழமரங்களைப் பேணுவதும் அவர்களின் அன்றாடப் பாடம். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் வேளாண்மையையும் தோட்ட வேலையையும் மூலத் தொழில்களுள் வைத்தது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போரால் நாடு திரும்ப இயலாமல் கொடைக்கானலில் சில காலம் தங்கினார். மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் பிள்ளைகளோடு செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் கவனித்த அந்த நாட்கள், அவருடைய பிற்காலக் கல்விச் சிந்தனைக்கு உரமாயின. இலங்கையில் 1900களின் தொடக்கத்திலேயே பள்ளித் தோட்டத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் பள்ளியில் உடலுழைப்பு என்ற பேச்சுக்குத் தனி வரலாறு உண்டு. 1953இல் இராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயரோடு கடும் எதிர்ப்பைச் சந்தித்த அத்திட்டம், காமராசர் முதல்வரான 1954இல் கைவிடப்பட்டது. மண்வெட்டி பிடித்து வளர்ந்த பெற்றோர், பிள்ளையின் கையில் பள்ளியிலும் மண்வெட்டியைப் பார்த்தால் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவிலும் 2010இல் எழுத்தாளர் கெய்ட்லின் ஃபிளனகன் இதே கேள்வியை எழுப்பினார்: பண்ணைக் கூலிகளின் பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து எழுப்பி மறுபடி கீரை பறிக்கவிடுவதா? தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகவோ, சில பிள்ளைகளுக்கு மட்டுமோ தோட்ட வேலை ஒதுக்கப்படும் பள்ளியில் இக்கேள்விக்குப் பதிலே இல்லை. டால்ஸ்டாய் பண்ணையின் விதி இங்கேதான் பொருள்படுகிறது.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வழிகாட்டியது. 2001இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை, பள்ளிகளில் சூழல் மன்றங்களைக் கொண்டுவந்தது. 2019இல் ஒன்றிய அரசு, மதிய உணவுத் திட்டத்தோடு இணைந்த ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. சத்துணவுக் கூடத்துக்கு முருங்கையும் கீரையும் தருவது நல்ல காரியமே. ஆயினும் காயை எடைபோட்டுச் சமையலறைக்கு அனுப்புவதோடு நின்றுவிட்டால், அது பாடமாவதில்லை.

பாத்தியில் நடக்கும் பாடம்

தொடக்க வகுப்புக்கு ஏற்ற முதல் பயிர் முளைக்கீரை. மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம் என்பதால் பிள்ளையின் பொறுமை தாங்கும். விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவும். எவ்வளவு மணல், எவ்வளவு விதை என்று அளப்பதிலேயே கணக்குப் பாடம் தொடங்கிவிடும். பூவாளியால் மெதுவாக நீர் தெளிக்காவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, அங்கே மட்டும் அடர்ந்து முளைக்கும். நீர் மண்ணை எப்படி நகர்த்துகிறது என்பதைப் படம் போட்டு விளக்க வேண்டிய தேவை அதன்பின் இருக்காது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் பூசணி. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். “இத்தனை பூ பூத்தும் ஒரு பிஞ்சுகூட இல்லையே!” என்று பிள்ளைகள் அங்கலாய்ப்பார்கள். சில நாள் கழித்து அடியில் குட்டிக் காயோடு பெண் பூக்கள் வரும். மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டு ஒன்றை மாலையிலேயே மெல்லிய துணிப்பையால் கட்டிவிட வேண்டும். இன்னொன்றைத் திறந்தே விடலாம். பூசணிப் பூ விடிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடுவதால், காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே தேனீக்களை எண்ணியாக வேண்டும். சில நாளில் பை கட்டிய பிஞ்சு மஞ்சளித்து உதிரும், மற்றது பருக்கும். தேனீ இல்லாவிட்டால் காய் இல்லை என்ற வரியைப் பாடநூலில் படிப்பதற்கும், உதிர்ந்த பிஞ்சைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள தொலைவே இக்கல்வி முறையின் முழு நியாயம்.

அவரைக் கொடியின் நுனியில் கருநிற அசுவினி மொய்க்கும். அதன் இனிப்புக் கழிவைத் தேடி எறும்பு வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டும் வரும். பொறிவண்டின் புழு, வண்டைப் போல அழகாக இராது. கறுத்து, முள்ளுமுள்ளாக இருக்கும் அதைப் பூச்சி என்று நசுக்கிவிடுவது எல்லாத் தோட்டத்திலும் நடக்கும். புழுவையும் அசுவினி நுனியையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுவைத்தால் எது எதைத் தின்கிறது என்று ஒரே நாளில் புலப்படும். மருந்தடிக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்தை அதன்பின் நடத்தலாம்.

ஆய்வுகள் சொல்வது

டெக்சாஸின் டெம்பிள் நகரில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள 647 மாணவரிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், தோட்டத்தோடு அறிவியல் கற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். உணவுப் பழக்கம் பற்றிய முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆஸ்டின் வட்டாரத்தின் 16 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையில் பிள்ளைகள் காய்கறி உண்பது கூடியது. உடல் எடையில் மாற்றமில்லை. இலண்டன் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, தோட்டம் மட்டும் போட்டால் உணவுப் பழக்கம் மாறிவிடும் என்பதற்குச் சான்று அரிது என்றது. பள்ளியின் அன்றாட நடவடிக்கைகளோடு தோட்டம் ஆழமாகக் கலந்த இடங்களில்தான் முன்னேற்றம் தெரிந்தது.

பருவமும் விடுமுறையும்

பள்ளித் தோட்டங்களைப் பெரும்பாலும் அழிப்பது பூச்சியன்று, விடுமுறை. அமெரிக்காவில் கோடைப் பயிர் காய்க்கும்போது பள்ளி பூட்டியிருக்கும். அதனால் அங்கே இலையுதிர்காலத்திலும் இளவேனிலிலும் முடியும் பயிர்களைத் தேர்கிறார்கள், அல்லது குடும்பங்கள் முறைவைத்து நீர் ஊற்றுகின்றன. தமிழ்நாட்டில் காலம் ஓரளவு கைகொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து மண்ணைப் பண்படுத்தினால் ஆடிப்பட்டத்தில் வெண்டையும் கத்தரியும் அவரையும் போடலாம். அரையாண்டுத் தேர்வுக்குள் காய் பறித்துவிடலாம். சிக்கல் ஏப்ரல், மே மாதங்களில். கிணறு வற்றும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், வேலி சரிந்தால் ஆடு உள்ளே வரும். அந்த இரு மாதங்களை நீர் அதிகம் கேட்காமல் தாங்கி நிற்கும் முருங்கையும் கறிவேப்பிலையும் தோட்டத்தின் ஓரத்தில் முதல் ஆண்டிலேயே வைக்கப்படுகின்றன. காய்கறிப் பாத்திகளை மார்ச் இறுதியில் பறித்து முடித்து, சருகால் மூடிவிட்டு, விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துக் குப்பிகளில் அடைத்து, அடுத்த ஐந்தாம் வகுப்பின் பெயரெழுதி ஒட்டிவைப்பது நடைமுறை.