சுயமரியாதைத் திருமணச் சட்டம்

மத நம்பிக்கையற்றோர் பொதுவாழ்வில் மதத்தின் இடம் குறித்து அக்கறை கொள்வது ஏன் என்பதற்குச் சுயமரியாதைத் திருமண வரலாறு விடை தருகிறது.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரின்றித் திருமணம் நடைபெற்றது. பின்னர் இம்முறை பரவியது. ஆனால் 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வகைத் திருமணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே வலியுறுத்தியது. இதனால் சடங்கை விலக்கியோரின் மனைவி, பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளானது.

1967இல் அண்ணா தலைமையிலான அரசு அச்சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. இதன்படி உற்றார், நண்பர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. சடங்குவழித் திருமணத்துக்குத் தடை விதிக்கப்படவில்லை.