கத்திக்குப் பின் எஞ்சுவது: ஹொக்குசாயின் அச்சுத் தொகுப்புகளும் அவர் பகிர்ந்த ஓவிய முறையும்

ஜப்பானிய ஓவியர் கத்சுஷிகா ஹொக்குசாயின் (1760–1849) ‘மங்கா’ என்ற படத் தொகுதிகளை அவருடைய குறிப்பேடு என்று சொல்வது ஓவிய வரலாற்றில் வேரூன்றிப்போன வழக்கம். ஓவியர் மனம்போனபடி கிறுக்கியதை அருகிலிருந்து பார்ப்பதுபோன்ற உணர்வை அந்தப் பக்கங்கள் தருவது உண்மைதான். ஆனால் அவ்வுணர்வை ஆதாரமாகக் கொள்ள முடியாது. அந்நூல்களின் வழியே ஹொக்குசாய் பகிர்ந்தது தம் கையின் விரைவை அன்று. இன்னொருவர் கையில் சிக்கிச் சிதையாமல் மிஞ்சக்கூடிய ஓர் உருவமைப்பு முறையையே அவர் பகிர்ந்தார் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1812-இல் நகோயாவில் மாக்கி பொக்குசென் என்பவரின் வீட்டில் தங்கியிருந்தபோது முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஹொக்குசாய் வரைந்தார் என்று முதல் தொகுதியின் முன்னுரை கூறுகிறது. அவ்வூர்ப் பதிப்பாளர் எய்ராக்குயா தோஷிரோ 1814-இல் அதை வெளியிட்டார். இத்தகைய நூலுக்கு ஹொக்குசாய் முன்னோடி அல்லர். குவகாத்தா கெய்சாயின் சுருக்க ஓவிய நூல் 1795-இலேயே வந்துவிட்டது. கனோ என்ற ஜப்பானிய ஓவிய மரபிலோ மாதிரிப் படங்கள் பட்டறைக்குள் சீடர் பார்த்துப் படியெடுப்பதற்கென்றே புழங்கின. அந்த மாதிரிகளுக்கு நிகரானவற்றைக் காசு கொடுக்கும் எவரும் வாங்கலாம் என்ற நிலையை எடோ காலப் பதிப்பாளர்கள் உண்டாக்கினார்கள்.

அச்சாகும் விதத்தைப் பார்த்தால்தான் என் வாதம் விளங்கும். மெல்லிய தாளில் வரைந்த படத்தைச் செர்ரிப் பலகையில் முகம் கவிழ ஒட்டுவார்கள். செதுக்குநர் கோட்டின் இருபுறமும் மரத்தைக் கத்தியால் கீறி எடுப்பார். கோடு மேடாக நிற்கும், தாள் அழிந்துபோகும். மூலப்படம் மிஞ்சவே மிஞ்சாது. கறுப்பு, சாம்பல், வெளிர்ந்த தோல் நிறம் ஆகிய மூன்றே வண்ணங்களில் ‘மங்கா’ அச்சானது. அதில் நாம் ரசிக்கும் ‘தூரிகை வீச்சு’ ஒவ்வொன்றும் மரத்தில் நிதானமாகக் கீறப்பட்டதுதான்.

2020-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய ஹொக்குசாயின் 103 படங்கள் இதற்கு எதிர்ப்புறச் சான்று. அஞ்சலட்டை அளவிலான அவை, உலகப் பொருள்கள் அனைத்தையும் காட்ட எண்ணிய ஒரு படநூலுக்காக வரையப்பட்டவை. அந்நூல் வெளிவரவில்லை. வராததால்தான் படங்கள் பிழைத்தன. பகிர்வதன் விலை மூலத்தை இழப்பது என்ற நிபந்தனைக்குள் வேலை செய்தவர் அவர்.

அந்த நிபந்தனையை அவர் நன்கு அறிந்திருந்தார். பதிப்பாளருக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் போடாத கீழிமைக் கோட்டைச் செதுக்குநர் சேர்க்க வேண்டாம் என்றும், மூக்கை உதாகவா என்ற அச்சோவியக் குழுவினரின் பாணியில் அல்லாமல் தம் பாணியிலேயே செதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். ஒரு கீழிமைக்காக இத்தனை கவலை! நுணுக்கம் எங்கே கைமாறிப் போகும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் கணித்தவர், தம் கலையின் சாரத்தை அந்த நுணுக்கத்தில் மட்டும் வைத்திருக்க மாட்டார்.

வேறெங்கே வைத்தார்? 1812-இல் வந்த ‘ரியாக்குகா ஹயாஓஷியே’ என்ற பயிற்சி நூல் ஒரு விடை தருகிறது. உயிரினங்களையும் மனிதரையும் வட்டம், கோடு எனப் பிரித்து, கவராயமும் அளவுகோலும் கொண்டு கட்டிக்காட்டும் நூல் அது. வட்டத்தை எந்தச் செதுக்குநரும் கெடுக்க முடியாது. ஆனாலும் அதில் இருப்பது விதி மட்டுமே. ‘மங்கா’வின் 3-ஆம் தொகுதியில் (1815) உள்ள சிட்டுக்குருவி நடனப் பக்கங்களில்தான் முறை உயிர் பெறுகிறது. வைக்கோல் தொப்பி அணிந்த ஆட்டக்காரர்கள் பக்கம் முழுக்க இறைந்து கிடக்கிறார்கள். முகங்களைப் பெரும்பாலும் தொப்பி மறைத்துவிடுகிறது. கண்ணும் மூக்கும் சிதையுமோ என்ற கவலைக்கே அங்கு இடமில்லை. மடங்கிய முழங்கால், வளைந்த முதுகு, வீசிய கை ஆகியவற்றாலேயே ஆட்டம் புலப்படுகிறது. ஓர் உருவத்திலிருந்து அடுத்ததற்குக் கண் தாவும்போது, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதைப் பயில்பவர் தாமே கண்டுகொள்கிறார். ஒரு சொல் விளக்கம்கூட இல்லாமல், உருவங்களை அடுத்தடுத்து நிறுத்தியே கற்பிக்கும் பக்கம் இது.

தொகுப்பின் அமைப்பில் பதிப்பாளரின் கை இருந்ததே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். 15-ஆம் தொகுதி ஓவியர் இறந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1878-இல் வந்தது. அதைக் கொண்டு அவர் நோக்கத்தைப் பேசக்கூடாது. ஆனால் நான் சுட்டுவது தனிப்பக்கத்துக்குள் அமைந்த வரிசையை. ஒரே தாளில் வரைந்து கொடுத்த அந்த வரிசை ஓவியருடையது என்று கொள்வதே பொருத்தம்.

இங்கிலாந்தில் ஓவியர் டர்னர் இதே சிக்கலுக்கு வேறு வழி தேடினார். ‘லீபர் ஸ்டூடியோரம்’ (1807–1819) தொகுப்பின் பெரும்பாலான தகடுகளில் வெளிக்கோட்டைத் தாமே பொறித்தார். நிழலைப் பெரும்பாலும் செதுக்குநர்களிடம் விட்டு, மேற்பார்த்தார். மலை, கடல், கட்டடம் என ஒவ்வொரு படத்துக்கும் வகைக்குறியும் இட்டார். நூறு தகடுகள் திட்டமிட்டு, 71 வெளிவந்தன. அவர் தம் கையைக் காக்க முயன்றார். ஹொக்குசாய் கை தேவைப்படாத இடத்துக்கே முறையை நகர்த்தினார். பின்னதே துணிவான வழி என்பது என் மதிப்பீடு.

கோட்டால் கடத்த முடியாத ஒன்று ஹொக்குசாயிடம் மீதமிருந்தது: நிறம். 1848-இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில் வந்த ‘எஹொன் சைஷிக்கித்சூ’ நூலில் அதற்கும் வழி கண்டார். சிறுவரும் வாங்கக்கூடிய மலிவான நூலாக அது அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் படங்களைக் கறுப்புக் கோடுகளாகவே விட்டு, எந்த நிறத்தை எப்படிக் கலப்பது, எப்படிப் பூசுவது என்பதைப் படத்தைச் சுற்றிச் சொற்களால் நெருக்கி எழுதிவைத்தார். வண்ணம் ஏற்றும் வேலை வாங்கியவருடையது.